டைல்ஸ் அக்காவின் பிறந்த நாள்கள்

கடைத்தெருவின் கோடியில் இருந்த அந்த இரண்டு மாடிக் கட்டடத்தில், கீழே தரைக்கும் சுவருக்குமான டைல்ஸ் விற்றார்கள். மாடியில் குளியலறைச் சாமான்கள்: வாஷ்பேசின், ஷவர், குழாய், வரிசை வரிசையாக டாய்லெட். அந்தக் குழாய்களில் எதைத் திருகினாலும் தண்ணீர் வராது. அது தெரிந்தும், வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். டைல்ஸ் அக்கா என்று இன்றைக்குத் தெருவே கூப்பிடுகிற அந்தப் பெண் அங்கே விற்பனைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. அப்போது அவள் அக்கா இல்லை, "டைல்ஸ் பொண்ணு".

சேர்ந்த வருஷமே அவளுடைய பிறந்த நாள் வேலை நாளில் வந்து விழுந்தது. வீட்டில் அவள் கடைக்குட்டி. பிறந்த நாள் என்றால் காலையில் கண் விழிக்கும்போதே நாலு பேர் கட்டிலைச் சுற்றி நிற்க வேண்டும் என்று வளர்ந்தவள். ஒரு வாரம் முன்பிருந்தே கடையில் ஜாடை காட்ட ஆரம்பித்தாள். இந்த மாதம் தனக்கு ரொம்பப் பிடித்த மாதம் என்றாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்குப் புது உடுப்பில் வந்து நின்றாள். முதலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தூசி படும், மேலே ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் டாய்லெட் வாங்க ஒரு பெரியவர் வந்தார். அவரை உட்கார்ந்து பார்க்கச் சொல்லி, மூடி எப்படிச் சத்தமில்லாமல் தானாக இறங்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தவள், அதே மூச்சில், "இன்னிக்கு எனக்குப் பிறந்த நாள் சார்" என்று சொல்லிவிட்டாள். அவர் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி, நல்லா இரும்மா என்றார். அவ்வளவு போதும் அவளுக்கு. நேராகப் போய் மாதிரிக் குளியலறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள். மாதிரிக் குளியலறைக்கு முன்பக்கம் சுவர் கிடையாது, கண்ணாடிதான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகமில்லை.

முதலாளி படியேறி ஓடி வந்தார். அவருக்கு முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது.

"எது உடைஞ்சுது?"

"எதுவும் உடையல சார். இன்னிக்கு எனக்குப் பிறந்த நாள். யாருமே ஒண்ணும் கேக்கல."

ஒன்றும் உடையவில்லை என்றதும் அவருக்கு வந்த சந்தோஷத்தில் உடனே ஆளை அனுப்பிக் கேக் வாங்கிவரச் சொன்னார். டாய்லெட்டுகளுக்கு நடுவே, கருப்புக் கல் பதித்த வாஷ்பேசின் மேடையில் கேக்கை வைத்தார்கள். கடையில் இருந்த எல்லாரும் மேலே வந்து, ஆளுக்கு ஒரு சுருதியில் பாடினார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதினாள். கடையில் பிறந்த நாள் கொண்டாடுவது அன்றைக்கு ஆரம்பித்தது.

அதற்கப்புறம் அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. எல்லாருடைய தேதியும் அவளுக்கு மனப்பாடம். தேதியைச் சொல்லாதவர்களின் தேதியை அவர்கள் மனைவிமாரிடம் கேட்டு வாங்கினாள். முதலாளிக்குக் காகிதத்தில் கிரீடம் செய்து வைத்தாள். அவர் அதோடு கீழே போய், ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் அரை மணி நேரம் கறாராகப் பேரம் பேசிவிட்டு வந்தார். லாரி ஓட்டுநருக்கு லாரியிலேயே பலூன் கட்டினாள். போகிற வழியில் ஒவ்வொன்றாக வெடித்து, டயர்தான் போய்விட்டதென்று அவர் நாலு தடவை வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்.

அவளிடம் சிக்காத ஆள் ஒருவர்தான். கிடங்கு அண்ணன். கடைக்குப் பின்னால் ஷட்டர் போட்ட கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர், எப்போதும் உர்ரென்று இருப்பார். மற்றவர்கள் பிறந்த நாளில் மேலே வருவார், ஒரு துண்டைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். தன்னுடைய பிறந்த நாளில் வரவே மாட்டார்.

"தானே கொளுத்தித் தானே ஊதறதுக்கு எதுக்கும்மா இத்தனை பேர் சுத்தி நிக்கணும்?" என்று அவளிடம் ஒருதரம் கேட்டார். "இதெல்லாம் சின்னப் புள்ளைங்க சமாசாரம்."

அவருடைய நாளில் ஷட்டரை உள்ளே இருந்து இழுத்து விட்டுக்கொள்வார். இவள் விடுவாளா? எல்லாரையும் திரட்டிக்கொண்டு போய் ஷட்டருக்கு வெளியே நின்று பாட வைப்பாள். தட்டுவாள், கெஞ்சுவாள். கடைசியில் கேக்கை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு வருவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கழுவித் துடைத்த தட்டு வெளியே வரும். நன்றி என்று ஒரு வார்த்தை வராது. நெஞ்சில் ஈரமில்லாத மனுஷன் என்று அவள் முடிவு கட்டினாள். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் போய்ப் பாடினாள்.

இடையில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன்; தேதி மட்டும் மண்டையில் நிற்காது. வாழ்த்துகிற வருஷங்களில் மறுநாள் வாழ்த்துவான், அதுவும் ஏதோ அவளே சொல்லாமல் மறைத்துவிட்டதுபோல. பெண் குழந்தை பிறந்தது. அந்த வருஷங்களில் கடையில் யாருக்குப் பிறந்த நாள் என்பதே அவளுக்கு முக்கியமில்லாமல் போனது. காலையில் பிள்ளையைக் கிளப்பி, பள்ளியில் விட்டு, பேருந்தில் தொங்கி, நாள் முழுக்க நின்று பேசுகிறவளுக்கு, கேக் வெட்டுகிற அந்த அரை மணி நேரம்தான் உட்காருகிற நேரம். மற்றவர்கள் பாடும்போது அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். உருக்கம் என்று நினைத்துக்கொண்டு பாடியவர்கள் இன்னும் இழுத்துப் பாடினார்கள். மிச்சக் கேக் மகளுக்குப் போகும். அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று பள்ளியில் கேட்டபோது, கேக் கம்பெனியில் என்று அது பதில் சொல்லி வைத்தது.

ஆக, நாற்பது வயது வரைக்கும் ஒரு தகராறும் இல்லை.

நாற்பதாவது பிறந்த நாளுக்குச் சில நாள் முன்புதான் கடைக்குப் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். கண்ணாடி விற்கிற பகுதியில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கண்ணாடியிலும் நின்று தலை வாரிப் பார்ப்பான் என்பதால், சேர்ந்த அன்றைக்கே அவனுக்குச் சீப்பு என்று பெயர் விழுந்துவிட்டது. புது ஆள் என்ற உற்சாகத்தில் அவனே ஏற்பாடுகளை எடுத்துச் செய்தான். நாலும் பூஜ்யமுமாக இரண்டு பெரிய மெழுகுவத்தி வாங்கி வந்தான். மேடை வசதியாக இருக்கும் என்று கேக்கைக் கண்ணாடிப் பகுதிக்கு மாற்றினான். அங்கே சுவர் முழுக்கக் கண்ணாடி; ஒவ்வொன்றையும் சுற்றி விளக்கு, முகத்தில் இருக்கிற ஒரு ரோமத்தையும் மறைக்காத வெள்ளை விளக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு அவளே தெரிந்தாள். எல்லாக் கண்ணாடியிலும் நாற்பது எரிந்துகொண்டிருந்தது.

பாட்டில் பெயர் வருகிற இடம் வந்தது. பாதிப் பேர் "அக்கா" என்று இழுத்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் மேலே, நல்ல கணீர்க் குரலில், "ஆன்ட்டி" என்று பாடினான் சீப்பு.

மற்றவர்கள் பாட்டை அப்படியே நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டு நின்றுவிட்டதே என்று, அடுத்த வரியைத் தனியாகப் பாடி முடித்தான். போதாததற்கு, அவனுடைய கல்லூரியில் இதுதான் வழக்கம் என்று கேக்கின் கிரீமை எடுத்து அவள் இரண்டு கன்னத்திலும் அப்பினான். அவள் புதிதாகப் போட ஆரம்பித்திருந்த படிக்கிற கண்ணாடியிலும் அது ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மாடியேறி வந்த ஒரு புதுமணத் தம்பதி, இங்கே ஃபேஷியலும் செய்கிறார்களா என்று விசாரித்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடம், "நான் பாக்க ஆன்ட்டி மாதிரியா இருக்கேன்?" என்று கேட்டாள். அவன் பழுதான ஒரு லிஃப்ட் பட்டனை நோண்டிக்கொண்டிருந்தான். "யாருக்கு?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் ஒரு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அடுத்த வருஷத்திலிருந்து பிறந்த நாளன்று அவள் விடுப்பு எடுக்க ஆரம்பித்தாள். முதல் வருஷம் வயிற்றுக் கோளாறு. அதற்கடுத்த வருஷம் ஒன்றுவிட்ட தங்கை வீட்டு விசேஷம். மூன்றாவது வருஷம், கணவனுக்குப் பல் வலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று கடையில் சொன்னாள். வீட்டிலும் உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை. பிறந்த நாளுக்குப் பயந்து ஓடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? வழக்கம்போல வேலைக்குக் கிளம்புகிறவள் மாதிரி கிளம்பினாள். எங்கே போவதென்று தெரியாமல் கால் போன போக்கில் நடந்து, பழக்க தோஷத்தில் வேறொரு தெருவில் இருந்த இன்னொரு டைல்ஸ் கடைக்குள் நுழைந்தாள். அங்கே அவளை உட்கார வைத்துக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ ஒரு பெண் பேசப் பேச, தான் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு, நீல நிறத்தில் இருக்கிறதா, இன்னும் பெரிய அளவில் இருக்கிறதா என்று கேட்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள். இல்லாத வீட்டுக்கு மூன்று குளியலறை பார்த்தாள்.

இங்கே கடையில் நடந்தது வேறு. அவள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டாள். எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் வேலைக்கு வந்த கணவன், கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். வாசலில் சீப்பு நின்றிருந்தான்.

"பல்லு இப்ப எப்படி இருக்கு அண்ணா?"

"என் பல்லா? இரும்பு மாதிரி இருக்கு. ஏன் கேக்கறே?"

சொன்ன பிறகுதான் சீப்பின் முகம் மாறுவதை அவன் கவனித்தான். மனைவி ஏதோ சொல்லி வைத்திருக்கிறாள் என்பது மட்டும் விளங்கியது. உடனே ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, லேசாக முனகினான். அந்த விசுவாசத்தை அவள் பிற்பாடு மெச்சினாள் என்றாலும், அன்றைக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. மறுநாள் காலை அவள் வந்தபோது இரண்டு கேக் காத்திருந்தது. ஒன்று நேற்றைக்கு, ஒன்று ஓடிப் போனதற்கு.

இப்படியே இன்னும் மூன்று வருஷம் ஓடியது. நாற்பத்தாறில் அவள் முடிவெடுத்தாள். ஆரம்பித்தவள் நான், நிறுத்துவதும் நானே என்று முதலாளியிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு, தனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை, ஆனால் சின்னவர்கள் ஆசையாகச் செய்கிறார்கள், அவர்கள் மனசு கோணாமல் பார்த்துக்கொள் என்றார். அவளுக்கும் அதுதான் கவலை. எப்படிச் சொல்வது என்று பேருந்தில் வரும்போதெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில், சீப்பைத் தனியாகக் கூப்பிட்டாள். அவனுக்கும் இப்போது இருபத்தேழு. ஆன்ட்டி என்ற சொல்லை அவன் தன் வாழ்க்கையிலிருந்தே எடுத்துவிட்டிருந்தான்.

"இந்தப் பிறந்த நாள் கொண்டாட்டத்தை நிறுத்திடலாமான்னு பாக்கறேன்பா. நீங்கல்லாம் வருத்தப்படுவீங்களே."

அவன் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் அவளையே பார்த்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க யாருமே எங்களுக்காகப் பண்ணல. உங்களுக்கு இதுன்னா உசுருன்னு நான் சேர்ந்த அன்னிக்கே சொன்னாங்க. நீங்க அழுதுடுவீங்கன்னு சொன்னாங்க."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான்."

விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பில் போடுகிற பெண்ணுக்குக் கிரீம் வாடையே ஆகாது. இத்தனை வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கியிருக்கிறாள். முதலாளிக்குச் சர்க்கரை வியாதி. இவள் கையால் நீட்டுகிறாளே என்று மறுக்க முடியாமல் தின்றுவிட்டு, சாயங்காலம் கடைத்தெருவை மூன்று சுற்று நடந்துவிட்டு வீட்டுக்குப் போவாராம். கேக் வெட்டும்போது எடுக்கிற போட்டோவுக்குச் சிரிக்கப் பிடிக்காமல் சீப்பே தன் பிறந்த நாளில் ஊருக்குப் போகிறேன் என்று ஒருதரம் பொய் சொல்லியிருக்கிறான். எல்லாரும் எல்லாருக்காகவும் பல்லைக் கடித்துக்கொண்டு பாடியிருக்கிறார்கள். முதலில் யார் சிரிக்க ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் முதலாளி ஒரு டாய்லெட்டில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றோடு கொண்டாட்டம் ரத்து. இறுக்கமான செருப்பைக் கழற்றி எறிந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மறு மாதமே கிடங்கு அண்ணனுடைய பிறந்த நாள். யாருக்கும் அது நினைவில் இல்லை. கிடங்கில் இருந்தவரிடம் ரத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரை எப்போதுமே ரத்துதானே.

அன்றைக்குக் காலையில் அவர் மாடிக்கு வந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. மீசைக்குக் கருப்பு மை. வெள்ளை பேசின் நாலு கேட்டார்களே, இறக்கியாயிற்றா என்று கேட்டார். அப்படி யாரும் கேட்டிருக்கவில்லை. சரி என்று இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, மாடியில் வெளிச்சம் போதவில்லையே என்றார். மூன்றாவது தடவை வந்தபோது ஒன்றும் சொல்லாமல், வாஷ்பேசின் மேடையைத் தன் கைத் துணியால் துடைத்துவிட்டு, அங்கேயே நின்றார். ஷட்டர் காலையிலிருந்தே முழுக்கத் திறந்து கிடக்கிறது என்று சீப்பு வந்து அவளிடம் சொன்னான். அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

சீப்பைக் கேக் கடைக்கு விரட்டினாள். அவன் கடை கடையாக அலைந்து, கடைசியில் தலை கலைந்து வந்து சேர்ந்தான். அந்த நேரத்தில் மிஞ்சியிருந்தது, யாரோ சொல்லிவிட்டு வாங்க வராத ஒரு குழந்தைக் கேக்தான். முயல் வடிவம். இரண்டு நீளக் காது, வயிற்றில் பெரிதாக மூன்று என்ற எண். வேறு வழியில்லை, அதையே மேடையில் வைத்தார்கள்.

கிடங்கு அண்ணன் முயலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனுஷர். கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். எல்லாரும் பாடினார்கள். பாடி முடிக்கிற வரைக்கும் அவர் நிமிரவில்லை. பிறகு முயலின் ஒரு காதை வெட்டி, முதலில் அவளிடம் நீட்டினார்.

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏண்ணே, இத்தனை வருஷமா உள்ள போய்ப் பூட்டிக்குவீங்களே. இன்னிக்கு என்ன?"

அவர் வழக்கமான கோபத்தோடுதான் பதில் சொன்னார். "போன வருஷம் யாரும் ஷட்டர் பக்கமே வரலியே. நான் உள்ள உக்காந்துக்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் இருக்கேன், ஒரு சத்தத்தைக் காணோம். மூட்டு வலியோட மாடி ஏறி நானே வந்தாதான் உண்டு போலன்னு வந்தேன்."

சென்ற வருஷம் அன்றைக்குக் கடையில் கணக்கு சரிபார்ப்பு, போக முடியவில்லை. போகாததே நல்லது, மனுஷனுக்கு நிம்மதி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பாட்டை அவர் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வருஷா வருஷம் தன்னைக் கெஞ்ச ஆள் வரும் என்று காத்துக்கொண்டும் இருந்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு மனுஷனைத் தப்பாகக் கணித்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அதைவிட, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர்மேல் வந்த எரிச்சல் அதிகம்.

சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். ரத்து ரத்துதான், ஆனால் வேண்டும் என்கிறவர்கள் வாயைத் திறந்து கேட்கலாம் என்று முடிவாயிற்று. கேட்காதவர்களை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. ஜாடை காட்டுவது செல்லாது. அதற்கப்புறம் கிடங்கு அண்ணன் மட்டும் வருஷா வருஷம் பத்து நாள் முன்னாலேயே சொல்லி வைத்தார். முயல் இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

நாற்பத்தேழாவது பிறந்த நாளில் அவள் விடுப்பு எடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. காலையில் கொஞ்சம் உறுத்தியது. மத்தியானத்துக்குள் ஒரு ஹோட்டல்காரர் வந்து பெரிய வியாபாரம் கொடுத்தார். அந்த மும்முரத்தில் மறந்தே போய்விட்டது. மகள் தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்தியபோது, யாருக்கு என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அதற்கடுத்த இரண்டு வருஷமும் அப்படித்தான்.

ஐம்பதாவது பிறந்த நாளன்று மாடி ஏறி வந்ததும், கைப்பையைக்கூடக் கழற்றாமல், "எனக்கு இன்னிக்கு ஐம்பது. கேக் வேணும், பாட்டும் வேணும். மூஞ்சில எதையும் தடவக் கூடாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். எதற்குத் திடீரென்று என்று முதலாளி விசாரித்தார். தெரியவில்லை, காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது என்றாள்.

மூன்று மணிக்குக் கேக் வந்தது. கணவனும் எதிர்க் கட்டடத்திலிருந்து கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்றான். இந்த முறை நாளைச் சரியாக நினைவு வைத்திருந்ததாக அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. பாடினார்கள், வெட்டினாள், முதல் துண்டு அவனுக்குப் போனது. சீப்பு எல்லாருக்கும் தட்டு கொடுத்துக்கொண்டிருக்கும்போது கீழே லாரி ஹாரன் அடித்தது. குளியல் தொட்டிகள் வந்திருந்தன. மழை வேறு தூற ஆரம்பித்துவிட்டது. அட்டைப் பெட்டிகள் நனைவதற்குள் இறக்கியாக வேண்டும். தட்டுகளை அப்படி அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் கீழே ஓடினார்கள். அவள் கணவன்கூட உதவிக்குப் போனான். முதலாளி கீழே இருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இதோ வரேன் சார்" என்று குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, குளியல் தொட்டியின் விளிம்பில் வசதியாக உட்கார்ந்து, இன்னொரு துண்டு வெட்டி, தட்டில் போட்டுக்கொண்டாள்.